காணாமற்போனவளும் தேடுபவனும்: பற்றிக் மொடியானோவின் ‘டோரா புரூடர்’ குறித்து ஒரு நோக்கு

இறந்தவர்க்குச் செய்யவேண்டிய கடன்களை ஒவ்வொரு சமூகமும் வகுத்து வைத்துள்ளது. ஈமக்கிரியை, துடக்கு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என அவை ஒழுங்குபெற்றுத் துயரத்துக்கு ஒரு கால எல்லையையும் அளிக்கின்றன. காணாமற்போனவர் தொடர்பில் இத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. அவரை இறந்தவராகக் கொள்ளவும் இயலாது. உயிருடன் உள்ளவராகக் கொண்டு அமைதி காணவும் இயலாது. அவர் விட்டுச்சென்ற இடம் வெற்றிடமாகவே நிலைத்துவிடுகிறது. ஆக்க இலக்கியமோ வெற்றிடங்களை நிரப்புவதையே தன் தொழிலாகக் கொண்டது. அவ்வாறாயின், உண்மையில் வாழ்ந்து உண்மையிற் காணாமற்போன ஒருவரைப் பற்றி எழுதும் எழுத்தாளன் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது? இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட நூல்களுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் பற்றிக் மொடியானோ 1997இல் வெளியிட்ட ‘டோரா புரூடர்’ ஆகும். 2014இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, நினைவின் கலையே அவரது சிறப்பாக எடுத்துக்கூறப்பட்டது. அக்கலையின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படும் இடம் இச்சிறு நூல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1

நூலின் தோற்றுவாய் ஒரு பத்திரிகை அறிவித்தலாகும். 1988இல் மொடியானோ பழைய ‘பாரி-சுவார்’ பத்திரிகையொன்றைப் புரட்டுகிறார். அது 1941 டிசம்பர் 31ஆந் திகதிக்குரியது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் காணவில்லை என்றும், அவளது உயரம், முகத்தின் வடிவம், கண்களின் நிறம், அணிந்திருந்த உடைகள் இன்னின்னவை என்றும், தகவல் அறிந்தோர் பாரிஸ் ஒர்னானோ வீதி 41ஆம் இலக்கத்தில் வசிக்கும் பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது. பிள்ளையின் பெயர் டோரா புரூடர். அறிவித்தல் வெளிவந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னர், அதற்கு விடையளிக்கவேண்டிய கடமை தனக்கு நேர்ந்துவிட்டது போன்று அவர் தேடத் தொடங்குகிறார். அவர் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர். வரலாற்றுப் பேராசிரியரும் அல்லர். அக்குடும்பத்தின் உறவினரும் அல்லர். ஒரு வாசகர் என்பதற்கு மேலாக அவருக்கு வேறு உரிமை எதுவும் இல்லை.

தேடலின் விளைவாக வெளிப்பட்ட செய்திகளைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். டோரா 1926 பெப்ரவரி 25இல் பாரிஸ் நகரின் பன்னிரண்டாம் வட்டாரத்திற் பிறந்தாள். தந்தை எர்னஸ்ட் வியன்னாவிற் பிறந்த யூதர். பிரெஞ்சு அந்நியர் படையிற் சேவை புரிந்து உடல் ஊனமுற்றவர். தாய் செசில் புடாபெஸ்டிற் பிறந்தவர். 1940 மே மாதத்தில் டோரா, பிக்புஸ் வீதியிலிருந்த கத்தோலிக்க கன்னியர் விடுதிப் பாடசாலையொன்றிற் சேர்க்கப்பட்டாள். 1941 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்து ஓடிப்போனாள். 1942 மார்ச்சில் தந்தை கைதுசெய்யப்பட்டார். ஏப்ரல் நடுப்பகுதியில் டோரா தாயின் இருப்பிடத்துக்குத் திரும்பியதாகப் பொலிஸ் குறிப்பொன்று கூறுகிறது. பின்னர் மீண்டும் ஓடிப்போய்ப் பிடிபட்டு, 1942 ஜூன் 19இல் தூரெல் தடுப்பு முகாமிலும், ஓகஸ்ட் 13இல் திரான்சி முகாமிலும் அடைக்கப்பட்டாள். அங்கே அவள் தந்தையைக் கண்டிருத்தல் கூடும். 1942 செப்டெம்பர் 18இல் தந்தையும் மகளும் ஒரே தொடரில் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர். தாயும் 1943 பெப்ரவரி 11இல் அதே வழியே சென்றார். பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதருள் இவர்கள் மூவர்.

இவ்வளவுதான் அறியக்கிடப்பது. விடுதியை விட்டு ஓடிய பின்னர் அக்குளிர்காலத்தின் நான்கு மாதங்கள் அவள் எங்கிருந்தாள், யாருடன் இருந்தாள், எதனை உண்டாள் என்பன எவருக்கும் தெரியா. நூலின் உண்மையான பொருள் அந்த நான்கு மாதங்களே எனலாம்.

2

காணாமற்போன ஒருவரைத் தனியொருவர் தேடிச்செல்லும் கதை ஐரோப்பிய இலக்கியத்துக்குப் புதியதன்று. துப்பறியும் கதையின் முன்னோடியான எட்கார் அலன் போ இத்துறையில் ஓர் எடுத்துக்காட்டை விட்டுச்சென்றுள்ளார். 1841இல் நியூயோர்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற இளம்பெண் காணாமற்போய்ப் பின்னர் ஹட்சன் ஆற்றிற் சடலமாக மீட்கப்பட்டாள். போ அந்நிகழ்ச்சியைப் பாரிஸ் நகருக்கு மாற்றி, ‘மேரி ரோஜேயின் மர்மம்’ என்ற கதையை 1842ஆம், 1843ஆம் ஆண்டுகளில் எழுதினார். அவருடைய துப்பறிவாளன் பத்திரிகைச் செய்திகளை மட்டும் வாசித்து, அறையைவிட்டு வெளியேறாமலே மர்மத்தை அவிழ்க்க முயல்கிறான். ஆயின் கதை தொடராக வெளிவந்துகொண்டிருக்கையில் நியூயோர்க்கிற் புதிய தகவல்கள் தோன்றின. 1845இல் நூலுருப் பெற்றபோது போ சில இடங்களைத் திருத்தவேண்டியதாயிற்று. மேரி ரோஜர்ஸின் மரணம் இன்றுவரை தீர்வு காணாத வழக்காகவே உள்ளது.

இவ்வெடுத்துக்காட்டு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. துப்பறியும் கதையின் அடிப்படை நம்பிக்கை, எச்சங்கள் யாவும் ஒரே விடையை நோக்கிச் செல்கின்றன என்பதாகும். அந்நம்பிக்கைக்கு உண்மை இடந்தராவிடின், கதை உண்மையைத் திருத்திக்கொள்ளும். காணாமற்போன பெண் அங்கே அறிவாற்றலைக் காட்டுவதற்கான ஒரு புதிராகச் சுருங்கிவிடுகிறாள்.

மொடியானோவின் முறை இதற்கு நேர்மாறானது. அவர் அறையில் இருந்து ஊகிப்பவர் அல்லர், நடந்து திரிபவர். டோரா வாழ்ந்த வீதிகளில் நடக்கிறார். இடிக்கப்பட்ட விடுதியின் வெற்று நிலத்தருகே நிற்கிறார். அவள் இறங்கியிருக்கக்கூடிய சுரங்கப் புகையிரத நிலையங்களை எண்ணிப் பார்க்கிறார். அக்குளிர்காலத்தில் எந்நாளிற் பனி பெய்தது, எந்நாளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது என்பவற்றைத் திரட்டுகிறார். டோராவின் மனத்துள் நுழைய அவர் துணியவில்லை. அவள்மீது பெய்த பனியை மட்டும் நமக்குக் காட்டுகிறார். 1941இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று, விடுதியிலிருந்து ஓடிப்போகும் பெண்ணொருத்தியின் கதையைக் கூறுவது. அதனை டோராவும் பார்த்திருக்கலாமோ என்று அவர் ஐயுறுகிறார். இங்கு ‘பார்த்திருக்கலாம்’ என்பது ‘பார்த்தாள்’ என ஓரிடத்திலேனும் மாறுவதில்லை. நூலெங்கும் ‘கூடும்’, ‘ஒருவேளை’, ‘நான் அறியேன்’ என்னும் சொற்கள் விரவிக் கிடக்கின்றன. இவற்றைத் தயக்கத்தின் அடையாளமாகக் கொள்வது பிழை. அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே அவர் இடும் எல்லைக் கற்கள் இவை.

இவ்வொழுக்கம் அவருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்ததன்று. அறிவித்தலைக் கண்ட சில ஆண்டுகளில், 1990இல், அவர் ‘தேனிலவுப் பயணம்’ எனப் பொருள்படும் நாவலொன்றை எழுதினார். அதில் ஆக்கிரமிப்புக் காலத்திற் காணாமற்போகும் இங்கிரிட் என்ற இளம்பெண் வருகிறாள். அவள் போரைக் கடந்து உயிர்வாழ்ந்து, பல்லாண்டுகளின் பின்னர் தற்கொலை செய்துகொள்கிறாள். டோராவைப் பற்றி எதுவும் அறியவியலாத நிலையில், அவள் நினைவைக் கைவிடாதிருப்பதற்காகவே அதனை எழுதியதாகப் பின்னைய நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பார்த்த பின்னரே அந்நிரப்புதல் போதாது என்பதை அவர் உணர்ந்தார். ஒரே பெண்ணைப் பற்றி முதலிற் கற்பனையும் பின்னர் ஆவணமும் எழுந்தன என்பது நாவலிலக்கியத்தின் இயல்பை ஆராய்வோர் மனங்கொள்ளத்தக்கது. வழமையாக ஆவணம் முந்தும். கற்பனை அதன்மேற் கட்டப்படும். இங்கே கற்பனை ஆவணத்துக்கு வழிவிட்டு விலகியுள்ளது.

3

ஆவணங்களைப் பற்றி இந்நூல் கூறுவன ஆழ்ந்து நோக்கற்பாலன. டோராவின் பிறந்த திகதியை அறிய மொடியானோவுக்கு நான்கு ஆண்டுகள் சென்றன; பிறந்த இடத்தை அறிய மேலும் இரண்டு ஆண்டுகள். உறவினர் அல்லாத ஒருவர் பிறப்புப் பதிவின் பிரதியைப் பெற விசேட அனுமதி வேண்டும் என்று கூறி அவரை ஒரு கந்தோரிலிருந்து மற்றொரு கந்தோருக்கு அனுப்புகின்றனர். மாடிப்படி, நீண்ட நடைவழி, சாளரத்துக்கு அப்பால் ஓர் எழுதுவினைஞர் என்றவாறு அப்பகுதி விரிகிறது. மறதிக்கு உத்தியோகபூர்வக் காவலர் உண்டு என்ற எண்ணம் அங்கே அவருக்குத் தோன்றுகிறது. பதிவேடு காக்கவும் பயன்படும், மறைக்கவும் பயன்படும் என்பதை இதனினும் எளிமையாக உணர்த்த முடியாது.

இதனினும் கொடிய முரண் ஒன்று உண்டு. 1940 ஒக்டோபரில் யூதர் அனைவரும் தம்மைப் பொலிசிற் பதிவுசெய்ய வேண்டும் என ஆக்கிரமிப்பாளர் கட்டளையிட்டபோது எர்னஸ்ட் புரூடர் தம்மையும் மனைவியையும் பதிவுசெய்தார், மகளைப் பதியவில்லை. கன்னியர் விடுதியில் மகள் எவர் கண்ணிலும் படாதிருப்பாள் என அவர் எண்ணினார் போலும். பின்னர் மகள் ஓடிப்போனாள். அவர் பதின்மூன்று நாட்கள் காத்திருந்து, டிசம்பர் 27ஆந் திகதி பொலிஸ் நிலையஞ் சென்று முறைப்பாடு செய்தார். அதாவது, எவரிடமிருந்து மகளை மறைத்தாரோ அவரிடமே மகளைத் தேடித் தருமாறு வேண்டினார். பத்திரிகை அறிவித்தல் அதற்கு நான்கு நாட்களின் பின்னர் வந்தது. மகளைத் தேடினால் அவள் காட்டிக்கொடுக்கப்படுவாள். தேடாதிருந்தால் தந்தை தந்தையாக இருக்க முடியாது. மொடியானோ இவ்விடத்தில் ஒரு சொல்லும் மிகையாகக் கூறவில்லை. திகதிகளை அடுத்தடுத்து வைப்பதுடன் நின்றுவிடுகிறார். அத்திகதிகளுக்கு இடையிலுள்ள பதின்மூன்று இரவுகளை வாசகரே கடக்கவேண்டியுள்ளது. காணாமற்போன பிள்ளையின் பெயரை எந்தக் கந்தோரில், யாரிடம் பதிவது என்று தயங்கிய பெற்றோரை அறிந்த நமது நாட்டு வாசகருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை.

இவ்வாறு நோக்கும்போது, டோராவைப் பற்றி எஞ்சியுள்ள பதிவுகளுட் பெரும்பாலானவை அவளைப் பிடித்தவர்களால் எழுதப்பட்டவை என்பது புலனாகும். அவளைத் தேட விழையும் எழுத்தாளன் வேட்டையாடியவர்களின் கணக்கேட்டையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. அவள் பிடிபட்ட நாட்களெல்லாம் பதிவில் உள்ளன; அவள் சுதந்திரமாக இருந்த நாட்கள் பதிவில் இல்லை. ஆகவே நூலின் இறுதியில் மொடியானோ எடுக்கும் நிலைப்பாடு வெறும் உணர்ச்சிப் பெருக்கன்று. ஓடித்திரிந்த மாதங்களில் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதைத் தான் ஒருபோதும் அறியப்போவதில்லை என்றும், அவ்விரகசியம் ஒன்றையேனும் கொலைஞரோ, முகாம்களோ, காலமோ அவளிடமிருந்து பறிக்க இயலவில்லை என்றும் அவர் முடிக்கிறார். தேடியவன் தோற்ற இடத்தையே தேடப்பட்டவளின் உடைமையாக அவர் காண்கிறார். இம்முடிவு வலிந்து பெறப்பட்டதன்று. முன்னுள்ள பக்கங்கள் யாவும் அதற்குரிய விலையைச் செலுத்தியுள்ளன. தேடாமலே ‘இஃது அறியவொண்ணாதது’ என்று கைவிரிப்பது சோம்பல். பல்லாண்டுகள் தேடிய பின்னர் அவ்வாறு கூறுவது மரியாதை.

4

நூலின் மற்றோர் இழை ஆசிரியரின் சொந்த வாழ்வாகும். 1945இற் பிறந்த மொடியானோவின் தந்தையும் யூதரே. ஆக்கிரமிப்புக் காலத்தில் கறுப்புச் சந்தையை அண்டி வாழ்ந்த அவர் 1942இல் ஒருமுறை பிடிபட்டுத் தப்பியவர். அவரைக் கொண்டுசென்ற பொலிஸ் வாகனத்தில் இருந்த இளம்பெண் டோராவாக இருக்கலாமோ என மொடியானோ ஐயுற்று, அவ்வாறு இருக்க முடியாது எனத் தாமே அதனை மறுக்கிறார். தாம் 1960இல் பாடசாலையிலிருந்து ஓடியதையும், பின்னர் பெற்ற தந்தையே தம்மைப் பொலிசிடம் ஒப்படைக்க முனைந்ததையும் கூறுகிறார். விக்டர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ல’ நாவலிற் கொசெத் என்ற சிறுமி ஒளிந்திருக்கும் கன்னியர் மடத்தின் முகவரியும் டோராவின் விடுதி முகவரியும் ஒத்திருப்பதையும் கண்டு வியக்கிறார்.

இப்பகுதிகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. தந்தையைப் பற்றிய பகுதி தேடலுக்கு ஒரு நியாயத்தைத் தருகிறது. டோராவுக்கு நேர்ந்தது தந்தைக்கும் நேர்ந்திருக்கும், நேர்ந்திருந்தால் தேடுபவன் பிறந்திருக்கவே மாட்டான் என்ற உண்மை அதில் உறைந்துள்ளது. ஆயின் தமது ஓட்டத்தை டோராவின் ஓட்டத்துடன் அருகருகே வைக்கும் இடம் சற்று உறுத்துகிறது. 1960ஆம் ஆண்டுச் சிறுவன் ஓடியது தண்டனைக்கு அஞ்சவேண்டிய உலகில். 1941ஆம் ஆண்டுச் சிறுமி ஓடியது கொலைக்கு அஞ்சவேண்டிய உலகில். இவ்வேறுபாட்டை அவரே ஏற்றுக்கொள்கிறார் என்பது உண்மை. எனினும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒப்புமை பக்கத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஹியூகோவின் முகவரி ஒற்றுமையோ அழகியது. அழகியதாக மட்டுமே உள்ளது.

5

நூலைப் பற்றிய மிகக் கடினமான வினா இதன் பின்னரே எழுகிறது. நூலை வாசிப்போர், ஒரு மனிதன் தன்னந்தனியனாகப் பாரிஸ் வீதிகளில் அலைந்து இவற்றையெல்லாம் கண்டறிந்தான் என்றே எண்ணுவர். நடந்தது முற்றிலும் அதுவன்று. யூதர் நாடுகடத்தலை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த வழக்கறிஞர் சேர்ஜ் கிளார்ஸ்பெல்ட், தமது தந்தையையும் அவுஷ்விற்சில் இழந்தவர்; பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டோரின் பெயர்களைத் தொடர் தொடராகத் திரட்டி 1978இற் பெருநூலாக வெளியிட்டவர். அந்நூல் தம்மை உலுக்கியதை மொடியானோ 1994இல் பத்திரிகைக் கட்டுரையொன்றில் நன்றியுடன் கூறினார். டோராவின் பெயரையும் அங்கே குறிப்பிட்டார். அதன்பின் கிளார்ஸ்பெல்ட் ஆவணங்களையும் புகைப்படங்களையும் அவருக்கு அனுப்பிவந்தார். ஆயின் 1997இல் நூல் வெளிவந்தபோது கிளார்ஸ்பெல்டின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அவர் அவ்வாண்டே கடிதமெழுதித் தமது வருத்தத்தைத் தெரிவித்தார். இக்கடிதப் போக்குவரத்து 2012இல் அச்சில் வெளிவந்தது.

மொடியானோவுக்குச் சார்பாகவும் வாதிடலாம். இது வரலாற்றாய்வு அன்று. தனிமையை உணர்த்தும் இலக்கிய ஆக்கம். தேடுபவனுக்கு உதவியாளன் வந்துவிட்டால் டோராவின் தனிமையும் வாசகர் நெஞ்சிற் குன்றிவிடும் என்பர். இவ்வாதத்தில் அழகியல் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கதைசொல்லியும் ஆசிரியனும் ஒருவரே எனக் கொள்ளுதல் திறனாய்வுத் தவறு என்பதும் நாம் அறிந்ததே.

ஆயினும் இந்நூல் ஏனைய புனைகதைகளுக்குரிய சலுகையைக் கோர முடியாது. கற்பனையால் எதையும் நிரப்பமாட்டேன் என்பதே அது வாசகருக்கு அளிக்கும் வாக்குறுதி. இல்லாததைச் சேர்க்காமை அவ்வாக்குறுதியின் ஒரு பாதியாயின், இருந்ததை நீக்காமை மறுபாதியாகும். இங்கே இருவகை மௌனங்களை நாம் வேறுபடுத்தல் வேண்டும். ஒன்று, அறியமுடியாமையால் வரும் மௌனம். டோராவின் நான்கு மாதங்கள் பற்றியது. மற்றொன்று, அறிந்தும் சொல்லாத மௌனம். உடன் தேடியவரைப் பற்றியது. முன்னையது நூலின் அறம். பின்னையது அந்த அறத்தில் நேர்ந்த பழுது. பெயர்கள் அழிக்கப்பட்டமையையே பொருளாகக் கொண்ட நூலில், அப்பெயர்களை மீட்டெடுத்தவரின் பெயர் இல்லாதிருத்தல் சிறிய குறையன்று.

தொழில்முறைசாரா ஆய்வு குறித்தும் இதிலிருந்து ஒரு பாடம் பெறப்படுகிறது. தனிமனிதத் தேடல் என்பது பெரும்பாலும் ஒரு தோற்றமே. அதன் பின்னாற் பெயர்ப்பட்டியல் தொகுத்தவர், பழம்படத்தைப் பேணிவைத்த உறவினர், பதிவேட்டைத் திறந்து காட்டிய ஊழியர் எனப் பலர் நிற்பர். மொடியானோவின் தனித்தன்மை செய்திகளைக் கண்டெடுத்தமையில் மட்டும் இல்லை. கண்டெடுக்கப்பட்டவற்றை எந்தத் தொனியில், எந்த வரிசையில், எவ்வளவு அடக்கத்துடன் சொல்வது என்பதைக் கண்டமையிலேயே உள்ளது. அது கலைஞனின் பங்கு. அதனைக் கூறுவதற்கு மற்றவர் பங்கை மறைக்கவேண்டியதில்லை.

6

இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரித்தானியாவில் ‘தேடுதல் ஆணை’ எனப் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. விற்பனைக்கு அது உதவியிருக்கலாம். ஆயின் நூலுக்கு அது பொருந்தவில்லை. தேடுதல் ஆணை பொலிசாருக்கு உரியது; டோராவின் குடும்பத்தை அழித்தோர் கையில் இருந்தது. மொடியானோவிடம் எந்த ஆணையும் இருக்கவில்லை என்பதே அவரது தேடலின் சிறப்பு. பிரெஞ்சு மூலத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டுமே தலைப்பாக உள்ளது. தமிழில் எவரேனும் இதனை மொழிபெயர்க்க முன்வருவாராயின் அப்பெயரையே தலைப்பாக வைத்தல் வேண்டும்.

2015இல் பாரிஸ் நகரின் பதினெட்டாம் வட்டாரத்தில் ஒரு நடைபாதைக்கு டோரா புரூடரின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு பத்திரிகையின் மூன்றாம் பக்கத்திற் சில வரிகளாக இருந்த பெயர், நூலொன்றின் வழியே வீதிக்கு வந்துள்ளது. இஃது இலக்கியத்தால் ஆகக்கூடியது. அவளை மீட்டுத் தருதல் இலக்கியத்தால் ஆகாதது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறைக்காமற் காட்டியமையாலேயே ‘டோரா புரூடர்’ சிறந்த நூலாகிறது. காணாமற்போனோரைப் பற்றி எழுத முனையும் நம்மவர் இதிலிருந்து கற்கவேண்டியவை இரண்டு: அறியாததை அறிந்ததுபோல் எழுதாமை ஒன்று, உடன் தேடியோரின் பெயரை விடாது எழுதுதல் மற்றொன்று. முன்னையதை மொடியானோவின் சாதனையிலிருந்தும், பின்னையதை அவரது தவறிலிருந்தும் நாம் கற்றுக்கொள்கிறோம்.